பீஷுக்குத் தலைக்கு ஊற்றிய நாள்

ஹாலுக்கு வெள்ளை டைல்ஸ் வேண்டாம் என்று வீடு கட்டும்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்? அந்த வெள்ளை டைல்ஸ் மேல்தான் அன்று காலை ஒரு சொட்டு ரத்தம் கிடந்தது. பொட்டு அளவுதான் இருக்கும். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் சமையலறை வாசலில் ஒன்று, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒன்று.

முதலில் என் கணவர் ஞானத்தின் காலைத்தான் பார்த்தேன். சர்க்கரைக்காரர். காலில் ஆணி ஏறினாலும் அவருக்குத் தெரியாது.

"காலத் தூக்குங்க" என்றேன். பேப்பரை இறக்காமலே வலது காலைத் தூக்கினார். சுத்தமாக இருந்தது. "அந்தக் கால்" என்றேன். அதையும் தூக்கினார். அதுவும் சுத்தம். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது அது.

சோபாவுக்கு அடியிலிருந்து நக்குகிற சத்தம் வந்தது. குனிந்து பார்த்தேன். வீட்டு நாய் பீஷ் சுருண்டு படுத்துக்கொண்டு தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாலை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடியும் வேலையில் இறங்கினாள்.

"அண்ணி! உங்க பொண்ணு பெரியவளாயிட்டா!" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

கிண்டலாகத்தான் சொன்னேன். இறங்கி வந்த ஜெர்மேன் அண்ணி சிரிக்கவில்லை. தரையைப் பார்த்தார், சோபாவைப் பார்த்தார். "பாவம்டி" என்றார். அவ்வளவுதான். எதற்குப் பாவம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

மானும் பீச்சும்

ஜெர்மேன் அண்ணி என் கணவருக்கு அக்கா. கட்டிக்கொடுத்த இடம் சொல்தா வீடு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். கல்யாணமான கையோடு பிரான்சுக்குப் போனவர், அங்கேயே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு, கணவரைப் புதைத்த பிறகு திரும்பி வந்தார். குழந்தை இல்லை. மூலக்குளத்தில் நாங்கள் கட்டியிருந்த வீட்டின் மாடி அறைக்கு இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்.

வந்த மழைக்காலத்திலேயே ஒரு நாய்க்குட்டியையும் வாங்கி வந்துவிட்டார். பொமரேனியன் என்று கொடுத்தவர் சொன்னார். காது மட்டும்தான் பொமரேனியன், மற்றதெல்லாம் என்னவோ. வெள்ளை நிறம், சின்ன உடம்பு. ஒரு கையில் தூக்கிக்கொண்டு இன்னொரு கையால் காபி கலக்கலாம்.

பீஷ் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் அது பெண் மான். அந்த ஊரில் மனைவியை, மகளை எல்லாம் செல்லமாக ‘மா பீஷ்’ என்று கூப்பிடுவார்களாம். அண்ணியை அவர் கணவர் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். அவர் போன பிறகு அந்த வார்த்தையைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதனால் அண்ணியே சொல்ல ஆரம்பித்தார்.

தெருவுக்கு இதெல்லாம் தெரியுமா? எதிர் வீட்டுக் கலா கேட்டாள்: "ஏன் லூர்து, உலகத்துல எத்தன பேரு இருக்கு! நாய்க்குப் போய் பீச்சுனு வெச்சிருக்கீங்க?" நான் திருத்தவில்லை. கால்நடை டாக்டரின் அட்டையிலும் பீச் என்றே ஏறிவிட்டது. கடற்கரை ஊரில் நாய்க்குக் கடற்கரை என்று பெயர், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கேன்டீன் பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, ‘உங்களுக்கு வாயில்லா ஜீவன்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்டிருந்தார். கோபம் இல்லை அம்மா. வளர்ப்பது ஒருவர், துடைப்பது நான். விஷயம் அவ்வளவுதான்.

இளநீர்

அன்று காலை அண்ணி தன் தம்பியிடம் பிரெஞ்சில் சொன்னார். வீட்டில் ஆண்பிள்ளையிடம் இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் சொல்ல அவருக்குக் கூச்சம். "லே ஷலேர்டா" என்றார். பெண் நாய் பருவத்துக்கு வருவதைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்களாம்.

ஞானம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவர். ஷலேர் என்றால் சூடு என்பது வரைக்கும் ஞாபகம் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இரண்டு இளநீரோடு வந்தார். ஒன்றைச் சீவி பீஷின் கிண்ணத்தில் ஊற்றினார்.

"என்னாங்க இது?"

"அக்காதான் சொல்லிச்சு. உடம்புச் சூடாம். வெயிலு ஆரம்பிச்சுடுச்சு இல்ல?"

நானும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. பீஷ் அந்த இளநீரைச் சொட்டு விடாமல் குடித்தாள். ஒரு வார்த்தையை ஒருவர் ஒன்றாகச் சொல்லி இன்னொருவர் வேறொன்றாக எடுத்துக்கொண்டதில் எங்கள் வீட்டில் அன்றைக்கு வந்தது சிரிப்பு. அதே மாதிரி இன்னொரு வார்த்தையும் அன்றைக்கே வீட்டுக்குள் வந்தது. அதை நாங்கள் கவனிக்கவில்லை.

கால்நடை டாக்டருக்கு நான்தான் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு, அண்ணியும் பக்கத்தில் நின்றார். பின்னால் யாரோ ஒருவருடைய நாய் குரைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் அவசரத்தில் இருந்தார்.

"ஹீட்டுக்கு வந்திருக்கா மேடம். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா ரொம்பச் சின்ன உடம்பு, குட்டி போட்டா தாங்க மாட்டா. பீரியட் முடியற வரைக்கும் வெளிய விடாதீங்க. அப்புறம் ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க, கருப்பையை எடுத்துடலாம்."

"சரி டாக்டர்" என்றேன். பீரியட் என்றால் என்ன என்று எந்தப் பெண்ணாவது டாக்டரிடம் கேட்பாளா?

பின்னறை

வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்ன அறை உண்டு. பழைய ஃபேன், கிறிஸ்துமஸ் குடில் சாமான் எல்லாம் அங்கேதான். அதைக் காலி பண்ணி, பழைய கைலியை மடித்துப் போட்டு, பீஷை அங்கே விட்டோம். கதவைச் சாத்தியதும் கீழ்ப்பக்கம் பிறாண்ட ஆரம்பித்தாள். நாளெல்லாம் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

வேலை கொஞ்சமா? காலையிலும் மாலையிலும் வெந்நீரில் துணி நனைத்துப் பின்பக்கம் துடைக்க வேண்டும். விரிப்பை மாற்ற வேண்டும். சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வாள், அண்ணி கையில் பிசைந்து ஊட்டினால் இரண்டு வாய். ஒன்றுக்கு, இரண்டுக்கு எல்லாம் மொட்டை மாடியில். ஒவ்வொரு தடவையும் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேண்டும். ஞானத்தின் பழைய ஜட்டியில் வாலுக்கு ஓட்டை வெட்டி, உள்ளே நாப்கின் வைத்து நான் ஒன்று தைத்துக்கொடுத்தேன். மாட்டிவிட்டதும் நின்ற இடத்தில் சிலையாக நின்றாள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் பல்லால் இழுத்துக் கழற்றிக் கிழித்துவிட்டாள். தையல்காரிக்கு இதைவிட அவமானம் வேண்டாம்.

வாசலில் வேறு கூட்டம். எங்கிருந்துதான் மோப்பம் பிடித்து வருமோ, தெருவில் அதுவரை பார்க்காத நாய்களெல்லாம் கேட்டுக்கு முன்னால் படுத்துக் கிடந்தன. அதில் ஒரு செவலை நாய், காது பாதி இல்லை, நகரவே நகராது. கலா அதற்கு மாப்பிள்ளை என்று பெயரே வைத்துவிட்டாள். "பொண்ணு வீட்டுக்காரங்க காபி கூடக் குடுக்கலனு மாப்பிள்ள கோவமா இருக்காரு" என்பாள். ஞானம் கேட்டில் ஃபினாயில் ஊற்றிக் கழுவுவார். மாப்பிள்ளை தும்மிவிட்டு மறுபடியும் அங்கேயே படுத்துக்கொள்ளும்.

இதிலெல்லாம் அண்ணி சேரவே இல்லை. பின்னறைக் கதவருகில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளே பிறாண்டும்போதெல்லாம் "இருக்கேன் மா பீஷ், இங்கதான் இருக்கேன்" என்பார். ஒரு மத்தியானம் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

அப்போது அவர்கள் குடும்பம் முத்தியால்பேட்டையில் இருந்தது. மாதா கோயில் மணி கேட்கிற வேதக்கார வீடுதான். ஆனால் பெண் பெரியவளானால் ஒதுக்கிவைப்பதில் அந்தத் தெருவில் எந்தச் சாமிக்கும் வித்தியாசம் இல்லை. விறகு போட்டுவைக்கும் அறையில் அண்ணியை உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். சோற்றை நிலைப்படியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுவார்கள். எடுத்துத் தின்னும்போது எதிரில் ஒரு முகம் இருக்காது.

"ஞானம் சின்னப் பையன். அவனுக்கு என்னா தெரியும்? கிட்டப் போகக் கூடாதுனு சொல்லிட்டாங்க. தூர நின்னுக்கிட்டு, ‘அக்கா, எப்ப வெளிய வருவ, எப்ப வெளிய வருவ’ன்னு கத்துவான். எனக்கே தெரியலடி, அவனுக்கு என்னானு சொல்றது?"

"அப்புறம்?"

"தலைக்கு ஊத்துனாங்க. அதோட முடிஞ்சுது. கதவு தெறந்துச்சு. அந்தத் தண்ணி தலையில விழுந்தப்ப இருந்த சந்தோஷம், சத்தியமாச் சொல்றேன் லூர்து, கல்யாணத்தன்னிக்குக் கூட எனக்கு இல்ல."

கதவுக்குள்ளே பீஷ் பிறாண்டினாள். அண்ணி எழுந்து போய்க் கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வெயிலில் காய்ந்தது

ஒரு வாரமும் சில நாட்களும் போயிருக்கும். விரிப்பில் கறை மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் கறையே இல்லை. நான் வெள்ளைத் துணியால் துடைத்தும் பார்த்தேன். இளஞ்சிவப்பாகத் தண்ணீர் மாதிரி ஏதோ ஒட்டியது. அதை ரத்தம் என்று சொல்ல முடியாது.

"முடிஞ்சுது" என்றார் அண்ணி. அவர் முகத்தில் அத்தனை வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

குழாயடியில் பீஷை நிறுத்திக் குளிப்பாட்டினார். சோப்பு நுரையில் அவள் பாதியாகத் தெரிந்தாள். நான்தான் வெந்நீர் மொண்டு கொடுத்தேன். எனக்கும் சந்தோஷம்தான், தரை துடைக்கிற வேலை தீர்ந்ததே. கடைசிச் சொம்பைத் தலையில் ஊற்றிவிட்டு அண்ணி சொன்னார்: "தலைக்கு ஊத்தியாச்சு. இனிமே என் பொண்ணு எங்க வேணா போவலாம்." துண்டால் துவட்டி, கொஞ்சம் பவுடர் போட்டு, பின்கதவைத் திறந்துவிட்டார்.

பின்பக்கத் தோட்டம் என்று பெருமையாகச் சொல்வோம். ஒரு கொய்யா மரம், கொஞ்சம் புல், மூன்று பக்கம் சுவர். பீஷ் ஓடினாள். புல்லில் மல்லாந்து புரண்டாள். எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடியும் புரண்டாள். அண்ணி படியில் உட்கார்ந்து கைதட்டினார். நான் சாம்பாரைப் பார்க்க உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் துண்டைக் காயப்போட மாடிக்குப் போயிருக்கிறார்.

பக்கத்து மனையில் வீடு கட்டுவதற்காக மணல் கொட்டியிருந்தார்கள், எங்கள் சுவரை ஒட்டி. அந்த மணல்மேடு ஏறினால் சுவர் இடுப்பளவுதான். எங்களுக்கு அது உறைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு உறைத்திருக்கிறது.

மணல்மேட்டுப் பக்கமிருந்து கலா கத்துகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. இரண்டும் பிரிய முடியாமல் ஒன்றுக்கொன்று முதுகு காட்டிக்கொண்டு நின்றன. அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து வாளித் தண்ணீரைத் தூக்கினார். ஞானம் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் அக்கா. இப்பப் பிரிச்சா அதுக்குத்தான் அடிபடும். தானா விடட்டும்." அண்ணி வாளியைக் கீழே வைத்தார். பீஷ் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பவுடர் வாசனை இன்னும் போகவில்லை.

"கவலப்படாதீங்க" என்றாள் கலா. "அதான் நின்னு போயி, குளிப்பாட்டியும் ஆச்சே. நின்ன ஒடனே ஒண்ணும் தங்காது."

நாங்கள் மூன்று பெண்களும் தலையாட்டினோம். எங்களுக்குத் தெரிந்த உடம்பு எங்கள் உடம்புதான். அந்தக் கணக்கையே அவளுக்கும் போட்டோம். டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

அந்த வார்த்தை

வயிறு தெரிய ஆரம்பித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் ஸ்கேன் பண்ணினார். மூன்று குட்டி என்றார்.

"எப்படி மேடம்? பீரியட் முடியற வரைக்கும் வெளிய விடாதீங்கன்னு சொன்னேனே?"

"முடிஞ்சப்புறம்தான் டாக்டர் விட்டோம்" என்றார் அண்ணி. "ரத்தம் நின்னு, தலைக்கு ஊத்தி..."

டாக்டர் சின்ன வயசுக்காரர். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ. நான் சொன்னது ஹீட் பீரியட். மூணு வாரமாவது இருக்கும். மனுஷங்களுக்கு நேர்மாறு மேடம் இது. ரத்தம் குறையுதே, அப்பதான் கருப்பிடிக்கிற நேரம். அப்பதான் கதவையே தொறக்கக் கூடாது."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரியான வார்த்தையைத்தான் சொன்னார். நாங்களும் எங்களுக்குத் தெரிந்த அர்த்தத்தில்தான் கேட்டுக்கொண்டோம். இளநீர் வாங்கி வந்தவரைப் பார்த்து விக்கல் வரச் சிரித்த இரண்டு பேர் நாங்கள்.

இப்போதே ஆபரேஷன் பண்ணி, குட்டிகளோடு கருப்பையை எடுத்துவிடலாம், தாய்க்கு அதுதான் நல்லது என்றார் டாக்டர். அண்ணி ஒருநாள் அவகாசம் கேட்டார். மறுநாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வேண்டாம் என்றார்.

"கதவத் தொறந்தது நானு. அதுக்கு அதுங்க மூணும் என்னாடி பண்ணும்?"

நானும் ஞானமும் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் அவர் சொல்வார். பேசியிருந்தாலும் அண்ணி கேட்டிருக்கமாட்டார் என்று நான் சொல்வேன். இரண்டில் எது உண்மை என்று எங்களுக்குத் தெரியாது.

அந்த நாளை அதிகம் எழுதப் போவதில்லை. நல்ல வெயில் நேரம். காலையிலிருந்து முக்கியும் ஒன்றும் வெளியே வரவில்லை. ஆட்டோவில் அண்ணி மடியில் பீஷ், பக்கத்தில் நான். வில்லியனூர் ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் அண்ணி அவளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பீஷ் அவர் மணிக்கட்டை நக்கிக்கொண்டே வந்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். இரண்டு குட்டி உயிரில்லாமல் இருந்தன. ஒன்று உயிரோடு, செவலை நிறத்தில், கைக்குட்டைக்குள் அடங்குகிற அளவு. மயக்கம் தெளிந்து பீஷ் எழுந்திருப்பாள் என்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கவில்லை.

கொய்யா மரத்தடியில் ஞானமே குழி வெட்டினார். எனக்கு அழுகை வந்தது. நான் நாய்க்காரி இல்லை என்று வாய் கிழியப் பேசியவள், வெள்ளை டைல்ஸில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி அழவில்லை. அந்தச் செவலைக் குட்டிக்கு மருந்துப் பஞ்சால் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து அதற்குப் பிறகு ‘மா பீஷ்’ என்ற வார்த்தை வரவே இல்லை.

இரண்டு தட்டு

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. குட்டி என்றே நின்றுவிட்டது. தெருவுக்கு மட்டும் அவள் பீச்சோட பொண்ணு. ஆமாம், பெண். அப்பனின் நிறம், அம்மாவின் காது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டோம். ஆனால் அந்த நாள் வருவதற்கு முன்னால், இந்த மாதம் ஒரு காலையில், ஹால் டைல்ஸில் ஒரு சொட்டு ரத்தம்.

நான் ஞானத்தின் காலைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்துக் கிண்டலும் பண்ணவில்லை. துணியை எடுத்துத் துடைத்தேன். டாக்டர், இது முழுசாக அடங்கி, இன்னும் இரண்டு மாசமாவது போகட்டும், பிறகு பண்ணலாம் என்றார். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தடவை சொல்ல வைத்தேன். ஞானம் ஆள் வைத்து, மணல் இருந்த பக்கத்துச் சுவரை உயர்த்திக் கட்டினார்.

அண்ணி பின்னறையைக் காலி பண்ணினார். கதவின் கீழ்ப்பக்கம் பீஷ் பிறாண்டிய கீறல்கள் அப்படியே இருக்கின்றன, பெயின்ட் அடிக்க அவர் விடவில்லை. இந்த முறை ஸ்டூல் வெளியே இல்லை. உள்ளே பாய், தலையணை, செபமாலை, மருந்து டப்பா எல்லாம் போயிற்று. குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிறாண்டுகிற சத்தமே கேட்கவில்லை.

முந்தாநாள் துவைக்க வந்த விரிப்பு சுத்தமாக இருந்தது. நான் கதவைத் தட்டி, "அண்ணி, ரத்தம் நின்னு போச்சே" என்றேன். வாய் தவறி, பழக்கத்தில் வந்த வார்த்தை.

"அதனாலதான்டி உள்ள இருக்கேன்" என்றார்.

நேற்று மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஞானத்தின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலை நரைத்த மனிதர், பின்னறைக் கதவுக்கு முன்னால், தள்ளியே நின்றுகொண்டிருந்தார். சின்னப் பையனாக இருந்தபோது கேட்டது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

"அக்கா, எப்ப வெளிய வருவ?"

"இன்னும் நாள் இருக்குடா" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "தட்ட அங்க வெச்சுட்டு நீ போ."

அவர் தட்டோடு வந்ததாக அண்ணி நினைத்துவிட்டார். தட்டு என் கையில் இருந்தது. நிலைப்படி வரைக்கும் போனேன். வைக்க மனசு வரவில்லை. திரும்பி வந்து என் தட்டிலும் சோறு போட்டுக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளித் திறந்து உள்ளே போய், அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன். குட்டி இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வெளியே நின்ற ஞானத்திடம் கதவைச் சாத்தச் சொன்னேன்.